பாங்குக்கு முந்திய கை

கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொன்னவர் யாரென்று குடும்பம் மறக்காது. அதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி யாரென்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1950களில் ஏழைகளுக்குப் பேறு பார்த்த ஜெனிபர் வொர்த், அந்த நினைவுகளை 2002இல் நூலாக்கினார். துறைமுகத் தொழிலாளர், நெருக்கமான வீடுகள், வீடு நிறையப் பிள்ளைகள். வாசிக்கும்போது நமது கொட்டாஞ்சேனைதான் கண்முன் வருகிறது. அங்கே ஒருத்தி எழுதி வைத்தார். இங்கே அந்தக் கதை உம்மும்மாமாரின் வாயோடு நிற்கிறது.

கொழும்பில் ஆஸ்பத்திரி இல்லாமலில்லை. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இலேயே பிரசவ மனை திறக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவ மாதுக்களின் பதிவுக்கு வழி செய்தது. ஆனாலும் நடுச்சாமத்தில் வலி கண்டால் முடுக்குக்குள் இருந்த பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள். "அந்நிய ஆம்புளைக்கு முன்னால எப்படி மகள் கிடக்கிறது?" என்பார் எங்கள் உம்மும்மா. வெட்கம் பாதி, றிக்‌ஷாக் காசு இல்லாமை பாதி. மருத்துவிச்சி பிள்ளையை எடுத்ததோடு போய்விடுவதில்லை. தாய்க்குச் சரக்குக் கறி, பிள்ளைக்குக் குளிப்பாட்டல் என்று நாற்பது வரை வந்துபோவார்.

பழையதைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 1930களில் இலங்கையில் 1 லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது 600க்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், இலவச ஆஸ்பத்திரி ஆகியவற்றோடு, கொதிக்க வைத்த கத்தரிக்கோலுடன் வீடு தேடி வந்த பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்களுக்கும் அதில் பங்குண்டு.

இன்னொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. இந்திய வம்சாவளித் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த தோட்டங்களில் அந்தக் கேள்வி இடியாக விழுந்தது. வீட்டில் பிறந்து, பதியாமல் விடப்பட்டவருக்குக் கையில் என்ன அத்தாட்சி? பிறப்பைக் கண்ணால் கண்டவள் மருத்துவிச்சி. அவளுடைய ஞாபகம் கடதாசி ஆகவில்லை.

நமது வரலாற்றில் வர்த்தகர், ஆலிம், அரசியல்வாதி எல்லோருக்கும் பக்கம் இருக்கிறது. அவர்களையெல்லாம் முதலில் தொட்ட கைக்கு இல்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பேறு பார்த்தவர் பெயரையும் எழுதி வையுங்கள்.