கல்வின் வட்டத்துக்குள் இல்லாத பெயர்கள்

உயர்தரத்தில் உயிரியல் படித்த ஆரையாவது பிடித்து ‘கல்வின் வட்டம்’ எண்டால் என்ன எண்டு கேட்டுப் பாருங்கோ. நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் கீறிக் காட்டுவினம். நாலைந்து அம்புக்குறிகள், உள்ளே போகும் காபனீரொட்சைட்டு, வெளியே வரும் வெல்லம். நான் கலைப்பீடம். எனக்கு அம்புக்குறிகளைவிட அந்தப் பெயர்தான் கண்ணில் படுகுது. வரலாறு படிக்கிற ஆளுக்கு ஒரு பெயர்ப்பலகையைக் கண்டால், இதை ஆர் நட்டது, எப்ப நட்டது, நடமுதல் இங்க என்ன இருந்தது எண்டுதானே கேட்கத் தோன்றும்?

இடம் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பேர்க்லி. காலம் 1930களின் கடைசி. தாவரம் வெளிச்சத்தில் காபனீரொட்சைட்டையும் நீரையும் எடுத்து வெல்லம் செய்கிறது என்பது அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே தெரிந்த விடயம். ஆனால் வாசலால் உள்ளே போன காபன், வெல்லமாக வெளியே வரும்வரை உள்ளே என்னென்ன வேடம் போடுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. இலைக்குள் ஏற்கனவே எக்கச்சக்கமான காபன் இருக்கிறது. இப்போது உள்ளே போனது எது, முதலே இருந்தது எது எண்டு பிரித்துப் பார்க்க வழியில்லை. உள்ளே போகும் காபனுக்கு ஏதாவது அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்த அடையாளத்தைத் தேடியவர்கள் இரண்டு இளைஞர்கள். சாமுவேல் ரூபன், மார்ட்டின் காமன். இருவரும் 1913 இல் பிறந்தவர்கள். முதலில் அவர்களிடம் இருந்தது காபன்-11 என்ற கதிர்வீசும் சமதானி. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான். சைக்கிளோட்ரன் இயந்திரத்தில் செய்து எடுத்த கணமே அது அழியத் தொடங்கிவிடும். எடுத்துக்கொண்டு ஓடி, தாவரத்துக்குக் கொடுத்து, பிரித்து, அளந்து முடிப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும். ஆராய்ச்சியா ஓட்டப்போட்டியா எண்டு கேட்கிற நிலை.

1940 பெப்ரவரியில் காமன் காரீயத்தின் மேல் நாட்கணக்காகத் துகள்களை மோதவிட்டார். கடைசி இரவு, விடியப்போகும் நேரத்தில் மாதிரியை ரூபனின் மேசையில் வைத்துவிட்டு, மழைக்குள் நடந்து வீட்டுக்குப் போனார். தாடி, சிவந்த கண், நித்திரையில்லாத முகம். கொலைகாரன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்த பொலிஸார் இவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டார்கள். அந்த மேசையில் இருந்த மாதிரியில்தான் காபன்-14 இருந்தது. அதன் அரைவாழ்வுக் காலம் 5,730 வருடங்கள். இனி ஓடத் தேவையில்லை.

அடுத்த வருடமே ரூபன், காமன் குழு ஒட்சிசன்-18 என்ற பாரமான சமதானியைக் கொண்டு இன்னொன்றையும் காட்டியது. தாவரம் வெளிவிடும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்துதான் வருகிறது. இன்று ஒரு வரியில் பாடமாக்கிவிட்டுப் போகிற விடயம் இது.

பிறகு யுத்தம் வந்தது. ரூபன் போர்க்கால ஆய்வுக்கு இழுக்கப்பட்டார். 1943 செப்டெம்பரில், பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவோடு வேலை செய்யும்போது கண்ணாடிக் குப்பி உடைந்து, வாயுவைச் சுவாசித்து இறந்துபோனார். வயது 29. காமனின் கதை வேறு மாதிரி. 1944 இல் சோவியத் தூதரக அதிகாரிகளோடு ஒரு உணவகத்தில் இரவுணவு சாப்பிட்டார். அவர்களில் ஒருவருடைய சகாவுக்கு லியூக்கேமியா. அதற்குக் கதிரியக்கச் சிகிச்சை பற்றி விசாரித்து உதவியதற்கான நன்றி விருந்து அது என்பது காமன் சொன்ன விளக்கம். புலனாய்வாளர்கள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போனது. பிறகு கப்பல் கட்டும் தளத்தில் வேலை, கடவுச்சீட்டு மறுப்பு, காங்கிரஸ் குழுவின் விசாரணை. 1951 இல் ஒரு பத்திரிகை அவரை உளவாளி எண்டே எழுதியது. வழக்குப் போட்டு 1955 இல் வென்றார். ஒரு விருந்துக்குப் போன குற்றத்துக்குப் பதினொரு வருடம்! சந்தேகத்தின் பெயரால் ஒரு மனிதனின் வாழ்க்கையை அரசு எப்படி நிறுத்தி வைக்கும் என்பதை எங்கட வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒருவர் இறந்தாயிற்று, மற்றவர் துரத்தப்பட்டாயிற்று. மிஞ்சியது காபன்-14. 1946 இல் பேர்க்லியின் இரசாயனவியலாளர் மெல்வின் கல்வின் ஒளித்தொகுப்பு ஆய்வைக் கையில் எடுத்து, அதற்கான ஆய்வுகூடத்தை நடத்த அன்ட்ரூ பென்சனை அழைத்தார். பென்சன் ரூபனோடு வேலை செய்தவர்; மனச்சாட்சியின்படி யுத்தத்தில் சேர மறுத்து, 1943 இல் பேர்க்லியை விட்டு மாற்றுச் சேவைக்குப் போனவர்.

பென்சன் வடிவமைத்த கண்ணாடிப் பாத்திரம் தட்டையானது, லொலிபொப் மாதிரி இருக்கும். அதற்குள் குளோரெல்லா போன்ற பச்சை அல்காக்கள். இரண்டு பக்கமும் விளக்கு. அடையாளமிட்ட காபனை உள்ளே விட்டு, சில வினாடிகளில் கீழேயுள்ள குழாயைத் திறந்தால் அல்காக்கள் சூடான அற்ககோலுக்குள் விழுந்து, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடும். அந்தச் சாற்றைப் பெரிய தாளில் ஊறவிட்டுப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, மேலே எக்ஸ் கதிர்ப் படத்தாளை வைத்தால், கதிர்வீசும் பொருள் இருக்கிற இடமெல்லாம் கறுப்புப் புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியும் என்ன பொருள் எண்டு கண்டுபிடிக்க வருடக்கணக்காகியது. மிகக் குறுகிய நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் ஒரே புள்ளிதான் தெரிந்தது. அது மூன்று காபன் கொண்ட பொஸ்போகிளிசரிக் அமிலம்.

அப்படியானால் காபனீரொட்சைட்டை முதலில் வாங்கிக்கொள்வது எது? இதற்குப் பதில் தாவரத்தின் சூழலை மாற்றிப் பார்த்ததில் வந்தது. விளக்கை அணைத்தால் மூன்று காபன் அமிலம் குவிந்தது, ரிபியுலோஸ் என்ற ஐந்து காபன் வெல்லத்தின் பொசுபேற்று குறைந்தது. விளக்கை விட்டுவிட்டுக் காபனீரொட்சைட்டைக் குறைத்தால் நேரெதிர். கன்ரீனை நினைச்சுப் பாருங்கோ. சோறு வராவிட்டால் வெறுங்கோப்பை குவியும், சாப்பிட ஆளில்லாவிட்டால் சோத்துக்கோப்பை குவியும். ஐந்து காபன் பொருள்தான் வெறுங்கோப்பை. சாப்பிட்டு முடிய அது கழுவப்பட்டுத் திரும்பவும் வரிசைக்கு வருகிறது. அதனால்தான் இது வட்டம்.

வட்டத்தை முழுமையாகச் சொன்ன கட்டுரை 1954 இல் வந்தது. பெயர்கள் இந்த ஒழுங்கில்: பாஷம், பென்சன், லொரெல் கே, ஆன் ஹரிஸ், வில்சன், கல்வின். ஆறு பேர், அதில் இரண்டு பெண்கள். அதே 1954 இல் பென்சன் பேர்க்லியை விட்டுப் போனார். போகவேண்டிய நேரம் வந்துவிட்டதெண்டு கல்வின் தன்னிடம் சொன்னதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

1961 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கல்வினுக்கு மட்டும் போனது. ஒரு பரிசை மூன்று பேர்வரை பகிரலாம். இரண்டு கதிரை காலியாகத்தான் இருந்தது. முதல் வருடம், 1960 இல், அதே பரிசு வில்லார்ட் லிபிக்குப் போயிருந்தது. தொல்லியல் படிக்கிற ஆக்களுக்கு அவரைத் தெரியும், காபன் காலக்கணிப்பைக் கண்டுபிடித்தவர். அதுவும் காபன்-14 தான். அடுத்தடுத்த இரண்டு நோபல் பரிசுகள் அந்த மழைநாள் மாதிரியின் மேல் நிற்கின்றன. ரூபனுக்கும் இல்லை, காமனுக்கும் இல்லை.

கல்வினை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்களைச் சேர்த்து, பணம் திரட்டி, குழுவைக் கட்டி நடத்தியது அவர்தான். அதுவும் சின்ன வேலையில்லை. எனக்கு உறுத்துவது 1992 இல் வெளியான அவருடைய தன்வரலாறு. மனைவி ஏதோ அலுவலாகப் போக, காருக்குள் காத்திருந்தபோது வட்டத்தின் திறவுகோல் தனக்குத் தட்டுப்பட்டதாக அதில் சொல்கிறார். எட்டு வருடம் அந்த ஆய்வுகூடத்தை நடத்திய பென்சனின் பெயர் புத்தகத்தில் இல்லை. அப்போது பென்சனுக்கு 75 வயது, உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 2015 இல், 97 வயதில்.

இப்போது சில பாடநூல்கள் ‘கல்வின்–பென்சன்–பாஷம் வட்டம்’ எண்டு போடுகின்றன. லொரெல் கே, ஆன் ஹரிஸ் பெயர்களுக்கு இன்னும் இடமில்லை. ரூபன் அதில் வரமாட்டார், வட்டத்தைக் கண்டுபிடித்தது அவரில்லைத்தானே. காபன்-14 கிடைத்த பிறகு அவருக்குக் கிடைத்தது மூன்றரை வருடம்தான்.