அரிசி வராத ஆண்டுகள்

தானியமற்ற சமையல் என்பது அரிசி, கோதுமை, கேழ்வரகு முதலிய புல்லின விதைகளைத் தவிர்த்து, அவற்றால் ஆக்கப்படும் சோறு, புட்டு, இடியாப்பம், ரொட்டி போன்ற உணவுகளைக் கிழங்கு, காய், கொட்டை ஆகியவற்றைக் கொண்டு ஆக்கும் முறையாகும். சிங்கப்பூரில் இன்று இம்முறை உடல்நலத்தை முன்னிட்டுப் பின்பற்றப்படுவதால் அண்மைக்காலத்துப் புதுமையாகத் தோன்றக்கூடும். எனினும் 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியின்போது, அத்தீவின் எளிய குடும்பங்கள் வேறு வழியின்றி இதே சமையலை நாள்தோறும் செய்து வந்தன. தமிழர் அடுப்படியின் வரலாற்றில் அந்த ஆண்டுகளுக்குரிய இடம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

தானியமல்லாத மாவு சிங்கப்பூருக்கு அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. சதுப்பு நிலங்களில் வளரும் சேகோ என்னும் பனையினத்தின் தண்டிலுள்ள சோற்றைச் சுரண்டி, நீரில் அலசி, அடியில் படியும் மாவை உருட்டி வறுத்தால் கிடைக்கும் மணிகளே அக்காலத்து ஜவ்வரிசி. சுமத்ரா, போர்னியோத் தீவுகளிலிருந்து வந்த பச்சை மாவைத் தூய்மைப்படுத்தி மணிகளாக்கும் தொழிலில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர் உலகின் முதன்மை மையமாக விளங்கியது. 1849இல் சீனர் நடத்தியவை 15, ஐரோப்பியர் நடத்தியவை 2 என 17 ஆலைகள் அங்கு இருந்தன. சைனாடவுனிலுள்ள சேகோ தெரு அத்தொழிலின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. ஆயினும் இம்மணிகள் பெரும்பாலும் கப்பலேறிச் செல்லும் சரக்காகவே இருந்தன. தமிழர் வீடுகளில் பாயசத்துக்கும் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சிக்கும் பயன்பட்டனவேயன்றி, சோற்றின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

சோறோ கடல் கடந்து வந்தது. மலாயாவின் நெல் விளைச்சல் அதன் தேவைக்குப் போதாமையால், பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளின் அரிசியை நம்பியே சிங்கப்பூர் வாழ்ந்தது. அவற்றுள் தமிழர் நாடியது பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பிறகு குத்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறித் தங்கிவிடுகிறது. இச்சத்துக் குறைந்தால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழக்கும் பெரிபெரி நோய் வரும். வெள்ளையாகத் தீட்டிய சயாம் அரிசி உண்ட சீனத் தொழிலாளரை இந்நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை மலாயாவில் பணியாற்றிய மருத்துவர்கள் கவனித்தனர். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் மற்றதற்கு வெள்ளையரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் பிரிவினரிடையே மட்டும் பெரிபெரி பரவலாகத் தோன்றியது. தோட்டத்துக் கூலி என்று இழித்துப் பேசப்பட்ட ஒரு சமூகத்தின் பழக்கமும் உயிர்ச்சத்து ஆய்வுக்குப் பாதை காட்டியது என்பது பெருமையுடன் நினைக்கத்தக்கது. பின்னர் வந்த இழப்பின் அளவும் இதை அறிந்த பிறகே முழுமையாக விளங்கும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை சரணடைந்ததும் தீவின் பெயர் சியோனான் என மாற்றப்பட்டது. பர்மாவும் சயாமும் ஜப்பானின் பிடிக்குள்ளேயே இருந்தும், கப்பல்கள் போருக்குத் திருப்பப்பட்டதாலும் பல மூழ்கடிக்கப்பட்டதாலும், வந்த அரிசியில் படைகளுக்கே முன்னுரிமை தரப்பட்டதாலும் மக்களுக்குக் கிடைத்த பங்கு சுருங்கிக்கொண்டே போனது. பங்கீட்டு அளவு ஒரு கட்டத்தில் மாதத்துக்கு ஆணுக்கு 8 கட்டி, பெண்ணுக்கு 6 கட்டி, குழந்தைக்கு 4 கட்டி என்றிருந்தது. கட்டி என்பது ஏறத்தாழ 600 கிராம் எடையுள்ள மலாய் அளவை. மூன்று வேளையும் சோறுண்டு உடலுழைத்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 160 கிராம் அரிசி எப்படிப் போதும்? கள்ளச்சந்தையிலோ, வாழைமரம் அச்சிட்டிருந்ததால் வாழை நோட்டு எனப்பட்ட ஜப்பானிய நோட்டின் மதிப்புச் சரியச் சரிய விலை ஏறிக்கொண்டேயிருந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் மரவள்ளிக்கிழங்கு வந்து அமர்ந்தது. தென் அமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியே ஆசியாவுக்கு வந்த இச்செடி, தண்டை ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும். வளமற்ற மண்ணிலும் விளையும். அறுவடைக்கு ஓராண்டுக்குள் வந்துவிடும். அதிக உணவு விளைவிக்குமாறு ஆட்சியாளர் இயக்கம் நடத்த, வீட்டு முற்றங்களும் பள்ளித் திடல்களும் வெற்றிடங்களும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பயிரிடும் கொல்லைகளாயின. கிழங்கைச் சமைக்கும் முறைகளைச் செய்தித்தாள்களும் வெளியிட்டன. மலாய் மொழியில் ஊபி காயு எனப்படும் இக்கிழங்கு எல்லா இனத்தாரின் உணவாகவும் ஆனது.

பெண்களின் கைத்திறனுக்கு அக்காலம் ஒரு கடுஞ்சோதனை. மரவள்ளியில் இயல்பாகவே சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு; கசப்பு வகைகளில் அது மிகுதியாதலால், தோலுரித்து, ஊறவைத்து அல்லது துருவிப் பிழிந்து, நன்கு வேகவைத்தாலன்றி அது நஞ்சாகும். துருவிப் பிழிந்த சக்கையை உதிர்த்து ஆவியில் அவித்தால் புட்டுக்கு நிகரான ஒன்று கிடைக்கும். பிழிந்த நீரின் அடியில் படியும் வெண்மாவை உலர்த்தினால் ரொட்டிக்கும் மீ எனப்படும் நூடுல்ஸுக்கும் ஆகும். ஆனால் கோதுமையை நீருடன் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருகிற குளூட்டன் என்னும் புரதம் இம்மாவில் அறவே இல்லை. எனவே ரொட்டி உப்பாமல் கல்லாயிற்று. கொதிநீர் ஊற்றிக் களியாக்கிப் பிசைந்தாலொழிய மீ இழையாக நில்லாது, நின்றாலும் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் அரிதான இடங்களில் செம்பனை எண்ணெய் தாளிப்புக்கு வந்தது. கிழங்கைவிடச் சத்து மிக்க மரவள்ளிக் கொழுந்து கீரையாக அவிக்கப்பட்டது. இவற்றிலெல்லாம் வெளிப்படுவது பசியாற்றும் முயற்சி மட்டுமாகாது. வெறும் கிழங்காக அவித்துத் தின்றாலே வயிறு நிரம்பும் என்ற நிலையிலும், புட்டின் உதிர்வையும் மீயின் இழையையும் மீட்டுத்தர ஒரு தாய் மணிக்கணக்கில் துருவியதில், பழகிய உணவின் வடிவத்தையாவது பிள்ளைகளுக்குக் காத்துத்தரும் உறுதி இருந்தது.

வடிவம் காக்கப்பட்டதேயன்றிச் சத்துக் காக்கப்படவில்லை. 100 கிராம் பச்சை மரவள்ளியில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து இருக்க, புரதமோ ஒன்றரை கிராமுக்கும் குறைவு; தயமினும் சொற்பம். புழுங்கலரிசி தந்த காப்பு இவ்வாறு தமிழரிடமிருந்தும் பறிபோக, பெரிபெரியும் ஊட்டக்குறைவும் தீவெங்கும் உயிர்களைக் குடித்தன.

கடல்வழி அடைபட்டதன் மற்றொரு விளைவு தமிழ்நாட்டில் தோன்றியது. தென்கிழக்காசிய ஜவ்வரிசி இந்தியாவுக்கு வராமல் நின்றுபோன நிலையில், 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. இன்று இந்திய ஜவ்வரிசியின் தலைமை இடம் அதுவே. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைத் தமிழ்க் குடும்பங்கள் கிழங்கை வேறு வழியின்றித் துருவிக்கொண்டிருந்த அதே போரின் நடுவே, அதே கிழங்கு கடலின் மறுகரையில் ஒரு வட்டாரத்தின் வாழ்வாதாரமாக எழுந்தது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பிய பின்னும் அரிசித் தட்டுப்பாடும் பங்கீடும் உடனே தீரவில்லை. குறைந்த விலையில் ஒரு வேளை உணவு தர, சமூகநலத் துறை 1946இல் மக்கள் உணவகங்களைத் திறந்து 35 காசுக்குச் சாப்பாடு வழங்க வேண்டியிருந்தது. அரிசி தாராளமாகக் கிடைத்த பிறகு, போரைக் கண்ட தலைமுறையில் பலர் மரவள்ளியைத் தொடவும் மறுத்தனர். சிங்கப்பூரின் வீழ்ச்சி நாளான பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாளாக அனுசரிக்கப்படும்போது, பள்ளிகளில் மாணவர்க்கு அவித்த கிழங்கு கொடுக்கும் வழக்கமும் உண்டு.

தானியத்தைக் குறைக்கும் பேச்சு மீண்டும் எழுந்தபோது காரணம் நேர்மாறாகியிருந்தது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கருத்தாய்வின்படி வயது வந்தோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 17.2 விழுக்காடு. 3.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, நாள்தோறும் கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு பங்கு வெள்ளையரிசிச் சோற்றுக்கும் நீரிழிவு அபாயம் 11 விழுக்காடு உயர்வதாகக் கணித்தது. 2016இல் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார்.

ஆனால் சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைப்பது தானியத்தைத் துறப்பதை அன்று. தட்டில் பாதியைக் காய்களுக்கும் பழங்களுக்கும் ஒதுக்கி, கால் பகுதியில் தீட்டாத முழுத்தானியத்தை வைக்கச் சொல்வதே அதன் வழி. அதற்கும் அப்பால் சென்று தானியத்தை முற்றாக விலக்கும் வீடுகளில், பூக்கோசைத் துருவி வதக்கிச் சோறுபோல் பரிமாறுகின்றனர். பாதாம் மாவில் ரொட்டி தட்டுகின்றனர். ஜப்பானியரின் கொஞ்ஞாக்குக் கிழங்கிலிருந்து செய்த இழைகளை மீக்குப் பதில் சமைக்கின்றனர். கொஞ்ஞாக்கு நம் சேனைக்கிழங்கின் பேரினத்தையே சேர்ந்தது. செரிக்காத நார்ச்சத்து மிகுதியாக இருப்பதால் அது வயிற்றை நிரப்பியும் குருதியில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. 100 கிராம் பூக்கோசில் மாவுச்சத்து 5 கிராம் அளவே. மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் தானியமற்றவை என்ற பெயரால் மட்டும் இந்த வரிசையில் சேர்க்கப்படும்போது, நீரிழிவு உள்ளவருக்கு அவை சோற்றைவிட நல்லவை ஆகிவிடுவதில்லை. சம எடையில் அரிசியைக் காட்டிலும் கூடுதல் மாவுச்சத்தையே அவை தருகின்றன.