திருகு யார் கையில்?

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே தப்பு. சக்கரம் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். கொடுத்து, வாங்கி, மறுபடி கொடுத்து என்று வண்டியை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கி, அதன் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியே விடுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதை 'டேம்பர்' என்று சரியாகச் சொன்னார்கள். நம்ம மெக்கானிக்குகளுக்கு அது வெறும் 'ஷாக்'.

கார்ப் பித்து முற்றியவர்கள் கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் விலை உயர்ந்த ஷாக்கை மாட்டுவார்கள். அதில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்னத் திருகு இருக்கும். எனக்குத் தெரிந்த சிலர் அதைக் கடைசிவரை இறுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். "டைட்டா இருந்தாத்தான் பாஸ் கன்ட்ரோல்" என்பது அவர்கள் வாதம். இந்த நம்பிக்கை சரியா என்று பார்க்கப்போய், அந்தத் திருகின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். 120 ஆண்டுகளில் அது எத்தனையோ கை மாறியிருக்கிறது.

நம்ம ஊர் வில்வண்டியிலிருந்து தொடங்கலாம். அதில் ஸ்பிரிங் உண்டு, ஷாக் கிடையாது. மாட்டின் வேகத்துக்கு அது தேவைப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் வளையும்போது ஒன்றோடு ஒன்று உரசும். அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கப் போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவின் குதிரை வண்டிகளும் அப்படித்தான் ஓடின. அதே பட்டைகளின் மேல் எஞ்சினை வைத்து 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபோதுதான் சிக்கல் வந்தது. வண்டி குதித்தது. குதிக்கும் வண்டியின் டயர் தரையைத் தொடாது. தரையைத் தொடாத டயரால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் ட்ரூஃபோல்ட். அவர் செய்த கருவி ஒரு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். இரண்டு கைகள், அவை சேரும் இடத்தில் உராயும் வட்டத் தகடுகள், நடுவே ஒரு நட்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது கத்தரி திறந்து மூடும், தகடுகள் உரசும், ஆட்டம் அடங்கும். அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் இதன் உரிமையை வாங்கித் தன் நாட்டில் விற்றார். 'ட்ரூஃபோல்ட்-ஹார்ட்ஃபோர்ட்' என்ற பெயர் பந்தய உலகில் பரவியது.

முதல் திருகு அந்த நட்டுதான். ஸ்பானரை எடுத்து இறுக்கினால் உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். பின்னால் வந்த வகைகளில், எவ்வளவு இறுக்கியிருக்கிறோம் என்று காட்ட ஒரு முள்ளும் வட்டத் தகடும்கூட இருந்தன. அன்றைக்கு இதைச் சரிசெய்வது ஓட்டுநரின் அன்றாட வேலை. தகடு தேயும், மழையில் நனையும், பிடிப்பு மாறும். மறுபடி இறுக்க வேண்டும்.

உராய்வில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. அதன் எதிர்ப்பு வேகத்தைப் பார்ப்பதில்லை. மெதுவாக ஆட்டினாலும் வேகமாக ஆட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கும். நன்றாக இறுக்கினால் சின்ன மேடுகளில் கத்தரி நகரவே நகராது. ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி, மேடு நேராக முதுகெலும்புக்கு வரும். தளர்த்தினாலோ பெரிய பள்ளத்தில் வண்டி படகு மாதிரி ஆடும். ஒரு திருகை வைத்துக்கொண்டு இரண்டு சாலைகளையும் திருப்திப்படுத்த முடியாது.

எண்ணெய் அந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. சிறு துளை வழியாக எண்ணெயைத் தள்ளும்போது, எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு வரும். மெல்ல வந்தால் மெல்ல விடும், வேகமாக வந்தால் முறைக்கும். பிரான்ஸின் மோரிஸ் ஹூடாய் செய்த எண்ணெய் ஷாக் 1920களின் இறுதியில் ஃபோர்டின் மாடல் ஏ கார்வரை வந்துவிட்டது. துளையைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஓர் ஊசி வால்வு இருந்தது. சாமானியரின் காரிலும் திருகு வந்துவிட்டது.

பணக்காரர்கள் அதற்காகக் குனிய விரும்பவில்லை. 1932இல் பேக்கார்ட் நிறுவனம் இருக்கையில் உட்கார்ந்தபடியே இறுக்கத்தை மாற்றும் 'ரைட் கன்ட்ரோல்' வசதியைக் கொடுத்தது. 1930களின் நடுவில் ரோல்ஸ்-ராய்ஸ் தயாரித்த பென்ட்லி கார்களில் ஸ்டீயரிங் நடுவிலேயே அதற்கென்று ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. நகரத்தில் மெத்தென்று போகலாம், நெடுஞ்சாலையில் இறுக்கிக்கொள்ளலாம். சாலை மாறும்போது கூடவே நாமும் மாறலாம் என்பது அந்த நெம்புகோலின் வாக்குறுதி.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெருவாரியான கார்களில் இந்தத் திருகு காணாமல் போனது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் வடிவ ஷாக் பரவியது. எடை குறைவு, விலை குறைவு, தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்டு வரும். எவ்வளவு இறுக்கம் என்பதை யாரோ ஒரு பொறியாளர், ஒரு சோதனைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, எல்லாருக்குமாக முடிவு செய்துவிட்டார். மென்பொருள்காரனாக எனக்கு இது பழகிய விஷயம். பயனர் அமைப்புகளைக் குழப்பிவிட்டுப் புகார் செய்வார் என்று பயந்தால், அந்த அமைப்பையே மறைத்துவிடுவோம். பெரும்பாலானோருக்கு அது நல்லதும்கூட.

மறைத்ததைத் திரும்ப விற்கத்தான் தனி ஷாக் கம்பெனிகள் வளர்ந்தன. நெதர்லாந்தின் கோனி அவற்றில் புகழ்பெற்றது. 1857இல் குதிரை வண்டிக்காரர்களுக்கான தொழிலாகத் தொடங்கி, 1930களில் ஷாக் பக்கம் வந்த நிறுவனம். அதன் பழைய வகை ஷாக்கை இறுக்க, முதலில் வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். தண்டைக் கடைசிவரை உள்ளே அழுத்தி, அடியிலுள்ள வால்வோடு அது கோத்துக்கொண்ட பிறகு திருப்ப வேண்டும். சில சுற்றுகள்தான் மொத்தமே. திருப்பினால் மாறுவது ஒரு திசை மட்டும்: அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது வரும் எதிர்ப்பு. எண்ணெய் ஷாக்கும் வருடங்கள் போகப்போகத் தளரும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டவும் இதே திருகுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பைக்கின் பின்பக்க ஷாக்கில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்குமே, அது வேறு. பின்னால் ஆள் உட்காரும்போது வண்டி அமுங்காமலிருக்க ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையம் அது. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதை அது தொடுவதில்லை.

சரி, முழுக்க இறுக்கினால் என்ன? ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை, மீட்டருக்கு 20,000 நியூட்டன் ஸ்பிரிங் என்று வையுங்கள். விநாடிக்கு 1.3 தடவை ஆடும். ஒரு தடவைகூட ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 4,900 அளவு எதிர்ப்பு வேண்டும் (விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 4,900 நியூட்டன்). சாதாரண கார்களில் வைப்பது இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். ஆட்டத்தை முழுக்கக் கொல்லும் அளவுக்கு இறுக்கினால், அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் கீழே இறங்கி முடிக்காது. அடுத்த மேடு இன்னும் கொஞ்சம் அமுக்கும். தொடர்ந்து மேடு வரும் சாலையில் வண்டி தானாகவே தாழ்ந்துகொண்டே போகும். பள்ளங்களின் மேல் டயர் அந்தரத்தில் மிதக்கும். உட்கார்ந்திருப்பவருக்கோ எல்லாம் கெட்டியாகத் தெரியும். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் 'கன்ட்ரோல்' என்கிறார்கள். வழவழப்பான பந்தயத் தளத்தில் அது ஓரளவு உண்மை. குண்டும் குழியுமான சாலையில் பிடிப்பு குறைந்திருக்கிறது என்பது, அவசரமாகப் பிரேக் மிதிக்கும் நாள்வரை தெரியாது.

1983இல் டொயோட்டா சோரர் காரில் இறுக்கத்தைக் கம்ப்யூட்டர் மாற்றத் தொடங்கியது. 2002இல் காடிலாக் செவில் காரில் வந்த ஷாக்கில் வால்வை அசைக்கும் வேலையே இல்லை. எண்ணெயில் இரும்புத் துகள்கள் மிதந்தன, காந்தப்புலம் கொடுத்தால் எண்ணெயே தடித்தது. விநாடிக்குப் பல நூறு தடவை முடிவு மாறும். ஹார்ட்ஃபோர்டின் ஸ்பானரும் பென்ட்லியின் நெம்புகோலும் செய்த வேலையை இப்போது ஒரு நிரல் செய்கிறது. டேஷ்போர்டில் நமக்கு மிஞ்சியது 'கம்ஃபர்ட்', 'ஸ்போர்ட்' என்று இரண்டு பொத்தான்கள்.

அந்த நிரல் என்னைவிட நன்றாகச் செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கைத்திருகு வைத்த ஷாக்கை இன்னும் ஆட்கள் வாங்குகிறார்கள், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. தன் வண்டி, தன் சாலை, தன் முதுகு இவற்றைப் பற்றிய ஒரு முடிவாவது தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை அது. இருக்கட்டும். முழுக்கத் தளர்த்தித் தொடங்குங்கள். தினமும் போகும் மோசமான சாலையிலேயே ஓட்டுங்கள். கால் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி, மேடு தாண்டியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். திருகில் மிச்சச் சுற்று இருக்கிறது என்பதற்காக அதையும் திருப்ப வேண்டியதில்லை.