எண்ணெய்க் குழாயில் மெழுகும் மீயொலியும்

எண்ணெய்க் கிணற்றின் உற்பத்திக் குழாயில் மெழுகு படிவதை மீயொலியால் தடுக்கலாம் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் பல உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வியை எண்ணெயில் அமிழ்த்தினால் பாகுத்தன்மை குறைகிறது. சுவரில் ஒட்டிய மெழுகு உதிர்கிறது. ஆனால் இவற்றில் பல, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கண்ணாடிக் குவளைக்குள் கண்ட முடிவுகள். படிந்த மெழுகை உடைக்கும் கருவியாக மீயொலி கிணற்றில் பெரிதாகப் பயன்படாது. மெழுகு எந்த இடத்தில் படிகமாக வேண்டும் என்பதை மாற்றும் கருவியாகவே அதற்கு எதிர்காலம் உண்டு என்பது என் வாதம்.

மேலே வர வர எண்ணெய் குளிர்கிறது. மெழுகு தோன்றும் வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும் நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் பிரிகின்றன. குழாயின் சுவர் நடு ஓட்டத்தைவிடக் குளிர்ந்திருப்பதால், கரைந்துள்ள மெழுகு சுவரை நோக்கிப் பரவி அங்கே உறைகிறது. கம்பியில் சுரண்டியை இறக்குவதும், சூடான எண்ணெயைச் செலுத்துவதும் பழைய வழிகள். இரண்டாவதில் ஒரு வில்லங்கம்: கரைந்த மெழுகு கீழே போய்த் தேக்கப் பாறையின் வாயையே அடைத்துவிடக்கூடும்.

குவளையில் மெழுகை உதிர்க்கும் முக்கிய விசை, ஒலியழுத்தத்தில் நுண்குமிழ்கள் தோன்றி வெடித்தடங்கும் கேவிட்டேஷன். அது நிகழ ஒலியின் அழுத்த வீச்சு, சூழ்ந்துள்ள அழுத்தத்தை ஏறத்தாழ எட்ட வேண்டும். வாயு கலவாத எண்ணெய்த் தம்பத்தில் 300 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம். தேவைப்படும் ஒலிச்செறிவு அழுத்தத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், குவளையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.45 வாட் போதுமான இடத்தில் இங்கே 280 வாட் வேண்டும். 62 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் குறுக்குவெட்டுக்கு இது 8 கிலோவாட்டைத் தாண்டும். வாயு குமிழ்களாகப் பிரிந்த எண்ணெயில் அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாயுக் குமிழ்களே ஒலியை விழுங்கிவிடும். மீயொலிக் கருவிகளின் விளம்பரக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

மீயொலிக்கு இன்னொரு குணமும் உண்டு. மிகை நிறைவுற்ற கரைசலில் அது படிகக் கருக்களை முன்கூட்டியே தோற்றுவிக்கும். மருந்துத் தொழிலில் இது பழகிய உத்தி. மெழுகு தோன்றும் ஆழத்துக்குச் சற்று மேலே அதிர்வியைப் பொருத்தினால், சுவரில் உறைய வேண்டிய மெழுகின் ஒரு பகுதி எண்ணெய்க்குள்ளேயே பொடிப் படிகங்களாகி ஓட்டத்தோடு வெளியேற வாய்ப்புண்டு. கருவுண்டாக்கலிலும் குமிழ்களுக்குப் பங்கிருப்பதால் அழுத்தத் தடை இங்கும் முற்றாக நீங்காது. ஆனால் குழாய் நெடுகச் சுவரைத் துப்புரவாக்க வேண்டியதில்லை, ஒரே இடத்தில் கருக்களை விதைத்தால் போதும் என்பதால் தேவை சுருங்குகிறது. இடம் தவறினால் எதிர்விளைவே வரும்: அதிர்வு எழுப்பும் நுண்சுழல்கள் சுவரோர எண்ணெய்ப் படலத்தை மெலிதாக்கி, மெழுகு சுவரை அடைவதை விரைவுபடுத்தலாம்.

எல்லாக் கிணறுகளுக்கும் இது பொருந்தாது. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலில், மெழுகு தோன்றும் வெப்பநிலை பாறையின் வெப்பநிலைக்குச் சில பாகைகளே கீழே இருக்கிறது. எண்ணெய் கிளம்பியதும் மெழுகு பிரியத் தொடங்கும் அங்கே, ஒரு புள்ளியில் பொருத்தும் அதிர்வி என்ன செய்துவிடும்? கிணற்றில் சூடான நீர், குஜராத் கடற்கரைவரை நெடுக வெப்பமூட்டப்பட்ட குழாய் என்று வெப்பத்தை நம்பியதே சரியான முடிவு. மேற்பகுதியின் சில நூறு மீட்டரில் மட்டும் மெழுகு படியும் கிணறுகளே மீயொலிக்கு உரியவை.

அங்கும் ஓர் அபாயம் உண்டு. கிணற்றை நிறுத்தினால் ஓட்டத்தில் மிதந்த படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூழாக இறுகும். இதற்கு 2 விழுக்காடு அளவு திடமெழுகே போதும். ஆகவே களச் சோதனை நடத்துவோர் அதிர்வெண்ணையும் உற்பத்தி உயர்வையும் மட்டும் வெளியிட்டு நின்றுவிடக் கூடாது. அதிர்வி இருந்த ஆழம், அங்குள்ள அழுத்தம், எண்ணெயைச் சென்றடைந்த திறன், நிறுத்திய கிணற்றை மீண்டும் ஓட்டத் தேவைப்பட்ட அழுத்தம் ஆகிய நான்கையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.