மரம் கழிக்க நாலாயிரமா?

போன வாரம் திருத்தணி வீட்டு வேப்பமரத்தைக் கழிக்க ஆள் கூப்பிட்டேன். அண்ணாந்து பார்த்தவர், "3,000 ஆகும் சார். தழை, கட்டையெல்லாம் அள்ளிட்டுப் போகணும்னா தனியா 1,000"ன்னார். தூக்கிவாரிப் போட்டுச்சு!

இதே மரத்துக்கு எங்க பாட்டி ஒரு பைசா கொடுத்ததில்லை. ஏறி வெட்டுறவருக்கு விறகுதான் கூலி, தழை ஆட்டுக்காரருக்கு. சில வருஷம் பாட்டி கைக்கே காசு வரும்.

விறகுக்கு அப்படி ஒரு மவுசு இருந்த காலம். 1856ல ராயபுரத்துல இருந்து ரயில் ஓட ஆரம்பிச்சப்புறம், எஞ்சினுக்கு விறகு வேணும்னே சென்னைப் பக்கம் சவுக்குத்தோப்பு போட்டாங்க. 1960 ஏப்ரல் 1ல திருத்தணி ஆந்திராவுல இருந்து நம்ம பக்கம் வந்தப்பவும் இங்க வீட்டுக்கு வீடு விறகடுப்புதான். 1965ல இண்டேன் சிலிண்டர் வந்துச்சு. 2007ல தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பிச்சுது. அதோட, கூலியா இருந்த விறகு குப்பையாயிடுச்சு. குப்பையை அள்ள நாமதானே காசு கொடுக்கணும்?

அதனால மரம் கழிக்கப் போறவங்க ரெண்டு கணக்கையும் தனித்தனியா கேட்டுக்குங்க. ஏறுற கூலி மரத்தோட உயரம், பக்கத்துல இருக்குற சுவர், கரண்ட் கம்பியைப் பொறுத்தது. கம்பி உரசுற மரம்னா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தாம ஆளை ஏத்தாதீங்க.

உசுரைப் பணயம் வெச்சு ஏறுறவர்கிட்ட நான் பேரம் பேசலை. 3,000 கொடுத்துட்டேன். அந்த 1,000? தழையை ஆட்டுக்காரர் கொண்டு போனார், கட்டையை டீக்கடைக்காரர். பாட்டி கணக்கு பாதியாவது பலிச்சுது :-)

உங்க ஊர்ல என்ன ரேட்டு?