கஞ்சித்தொட்டியும் மூளையின் பசியும்

1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை, வடசென்னை முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பர். வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம் பகுதிகளில் பின்னி ஆலைத் தறியிலோ துறைமுகச் சுமையிலோ பிழைத்தவருக்குத் திடீரென ஒரு பக்கம் விழுந்துவிட்டால், அந்தக் கை திரும்ப வருமா என்பதே குடும்பத்தின் முதற்கேள்வியாக இருந்தது; உடலுழைப்பே சொத்தான இடத்தில் அது உலைவைக்கும் கேள்வி.

அதற்கு விடை தேட மருத்துவரிடம் நெடுங்காலம் இருந்தவை சிறு சுத்தியலும் ஒரு சாவியுமே. உள்ளங்காலின் வெளியோரத்தில் குதிகாலிலிருந்து மேல்நோக்கிச் சாவிமுனையால் கீறும்போது பெருவிரல் மடங்காமல் மேலே நிமிருமானால், மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை பழுதுற்றது என்று 1896-இல் பாபின்ஸ்கி காட்டியிருந்தார். 1950-இல் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியபோதும், மூளையை நேரே காட்டும் படம் எங்கும் இல்லை. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டு, பின்னர் பரவிய சிடி ஸ்கேன் முறை இரத்தக்கசிவைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் இரத்தக்குழாய் அடைபட்ட முதல் சில மணி நேரங்களில் அதன் படம் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும், ஏனெனில் அது உருவத்தைக் காட்டுமேயன்றி உயிர்ப்பைக் காட்டாது.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சேமிப்பு ஏறக்குறைய ஏதுமின்றி, வந்து சேரும் குளுக்கோசையே நொடிக்கு நொடி நம்பி வாழ்கிறது. இந்தப் பசியை அளப்பதே வளர்சிதைமாற்றப் படமெடுப்பு. 110 நிமிடங்களில் பாதியாகக் குறையும் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவைக் குளுக்கோசுடன் பிணைத்து, 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தினர். செல்கள் அதை உணவென எண்ணி உள்ளிழுத்தாலும் முழுதும் செரிக்க இயலாது. அது அங்கேயே தங்கிவிடுவதால், உழைக்கும் பகுதி ஒளிர்கிறது, ஓய்ந்த பகுதி மங்குகிறது.

பக்கவாதத்தில் இம்முறையின் பயன் அதற்குப் பின்னரே முழுமையாக விளங்கியது. இரத்தம் குறைந்தும் வருகிற ஆக்சிசனை இயன்றமட்டும் உறிஞ்சி உயிர்தாங்கும் திசுவை, அதாவது செயலிழந்தும் சாகாத ‘புறநிழல்’ பகுதியை, கதிரியக்க ஆக்சிசன்-15 கொண்டு எடுத்த படங்கள் மனிதரிடம் அடையாளம் காட்டின. பெருமூளையின் ஒரு பாதி தாக்கப்பட்டால், அடிபடாத எதிர்ப்பக்கச் சிறுமூளையும் இணைப்பிழந்து மந்தமாவதை 1980 வாக்கில் பாரோன் என்ற ஆய்வாளர் கண்டார். தொலைவிலுள்ள பகுதி இவ்வாறு ஓய்வதை வான் மோனகோவ் 1914-இலேயே டயாஸ்கிசிஸ் என்று பெயரிட்டு ஊகித்திருந்தார். நோயாளியின் குறைபாடு காயத்தின் அளவைவிடப் பெரிதாக இருப்பதன் காரணம் ஓரளவு இதில் உள்ளது.

இவ்வாறு கதிரியக்க அணுவைக் கொண்டு படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவி இந்தியாவில் முதன்முதலாக 2002-இல்தான் மும்பையில் இயங்கத் தொடங்கியது. ஆக்சிசன்-15 இரண்டே நிமிடங்களில் பாதியாகிவிடுவதால், அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் அருகிலேயே இருந்தாக வேண்டும். நேரத்தோடு போட்டியிட்டு ஓடும் பக்கவாதச் சிகிச்சையில் சிடி, எம்ஆர்ஐ படங்களே முதலில் கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளுக்கோசுப் படத்திற்கு வருபவரோ சில மணி நேரம் பட்டினியிருந்து, ஊசி போட்டபின் அரையிருளில் பேசாமல் படுத்திருப்பார். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாலும் பெருமூளையின் பின்பகுதி அதற்கென்று குளுக்கோசை எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிர்ந்துவிடும்.