உப்பில் இருக்கும் அயோடினும் மருந்தாகும் அயோடினும்

தைராய்டு நோய்க்காக ரேடியோ அயோடின் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவரிடம், சில நாள்களுக்குக் குழந்தைகளைத் தூக்க வேண்டாம், தனியாகப் படுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். வீட்டார் பயந்துவிடுகிறார்கள். உப்பில் சேர்க்கும் அதே அயோடின்தானே என்று கேட்பவர்களும் உண்டு. தனிமம் ஒன்றுதான்; ஐசோடோப்புதான் வேறு.

அணுவின் நடுவில் உள்ள அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. அது எந்தத் தனிமம் என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. 53 புரோட்டான்கள் இருந்தால் அயோடின். நியூட்ரான்கள் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது, எடைதான் மாறும். இப்படி எடையில் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு 1913ல் பிரெடெரிக் சாடி ஐசோடோப்பு என்று பெயரிட்டார். தனிம அட்டவணையில் ஒரே இடத்தைப் பிடிப்பவை என்று பொருள்.

உப்பில் இருப்பது 74 நியூட்ரான்கள் கொண்ட அயோடின்-127. மருந்தில் இருப்பது 78 நியூட்ரான்கள் கொண்ட அயோடின்-131. வேதிவினைகளை நடத்துவது எலக்ட்ரான்கள்; அவை இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. அதனால் தைராய்டு சுரப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாமல் இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் ஒன்று மட்டும் ஏன் கதிர்வீசுகிறது? புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். மிக நெருக்கத்தில் மட்டும் செயல்படும் அணுக்கரு விசை அவற்றைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரான்கள் தள்ளாமல் பிடிப்பை மட்டும் கூட்டுகின்றன. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அயோடினில் 74 நியூட்ரான்கள் இருந்தால் மட்டுமே கரு நிலைத்திருக்கும். கரு மிகப் பெரிதாகிவிட்டால் எத்தனை நியூட்ரான்கள் இருந்தாலும் போதாது. ஈயத்தைவிட அதிகப் புரோட்டான்கள் கொண்ட எந்தத் தனிமத்துக்கும் நிலையான ஐசோடோப்பு கிடையாது.

அயோடின்-131ல் நியூட்ரான்கள் அதிகம். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வேகமாக வெளியே வீசுகிறது. இதுதான் பீட்டா கதிர். அணு இப்போது அயோடின் அல்ல, செனான். பீட்டா கதிர் உடலுக்குள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுவதால் தைராய்டு செல்களை மட்டும் அழிக்கிறது. கூடவே வரும் காமா கதிரோ உடலைத் தாண்டி வெளியே வரும். குழந்தைகளை விலக்கி வைக்கச் சொல்வது முக்கியமாக இதனால்தான். மருந்து சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும் என்பதால் கழிப்பறையில் தண்ணீர் தாராளமாக ஊற்றச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இம்மருந்து கொடுப்பதில்லை.

இதே அயோடின்-131 தான் 1986ல் செர்னோபில் விபத்துக்குப் பின் புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குள் போய்ப் பலருக்குப் புற்றுநோயைக் கொடுத்தது. அத்தகைய விபத்துகளில் சாதாரண அயோடின் மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பதுண்டு. சுரப்பி நிரம்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் குறைவு.

8 நாளில் அயோடின்-131 பாதியாகும், 16 நாளில் கால்பங்கு, 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உடலிலிருந்து வெளியேறுவதும் சேர்வதால் நோயாளியின் உடலில் இன்னும் சீக்கிரமே குறைந்துவிடும். எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. அதை மருத்துவர்தான் சொல்வார்.